அக்கரைக்கு ஒரு தாவல்

வாய்க்காலின் அகலம் 2 மீட்டர். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அக்கரையில் குட்டிகள் கத்தின. இக்கரை மரத்தின் கிளை தண்ணீருக்கு மேலே 1.5 மீட்டர் நீண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து தாய் அணிலால் 0.45 மீட்டர் தாவ முடியும்.

“பதினைந்தும் நாற்பத்தைந்தும் அறுபது. புள்ளி வைத்தால் 6.0 மீட்டர், தாராளம்” என்று அணில் கிளம்பியது.

“ஒன்றரையோடு அரைகூட இல்லாததைச் சேர்த்தால் ஆறு எப்படி வரும், அக்கா?” என்றது ஓணான்.

அணிலுக்கும் அது விசித்திரமாகப் பட்டது. மணலில் புள்ளிக்குக் கீழே புள்ளி வைத்துக் கூட்டியது. 1.95 வந்தது. இரண்டிலிருந்து கழித்தால் 0.05 குறைந்தது.

“கண்ணுகளா, அங்கே கரையிலிருந்து இந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் வேர் எவ்வளவு நீளம்?”

ஒரு குட்டி அளந்து, “0.1 மீட்டர், அம்மா” என்றது.

“ஐந்து வேண்டுமே, ஒன்றுதானே இருக்கிறது?” என்றது ஓணான்.

“இரண்டையும் மணலில் எழுதிப் பார், தம்பி.”

ஓணான் எழுதி முடிப்பதற்குள் அணில் தாவி, வேரைப் பற்றி ஏறி, குட்டிகளிடம் போய்விட்டது.