பழைய தோல்

பழைய தோல் தாய்க்கு, புதுத்தோல் மொட்டுக்கு என்று மனதுக்குள் சொல்லியபடியே அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள். தாய் பாக்டீரியாவுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால், அதில் அரும்பும் மொட்டு நிறமில்லாமல்தான் பிறக்கும். ஆறு வருடமாக அப்படித்தான். இன்று மொட்டுகள் சிவந்திருந்தன; தாய்கள் வெளுத்திருந்தன.

“சாயத்துல கோட்டை விட்டுட்டியா தாயே? கிளம்பு, பிள்ளை தேடும்,” என்றாள் கூட வேலை செய்பவள்.

கை கழுவும்போது, சிறுவயதில் முழங்கையில் கொதிநீர் பட்ட தழும்பைக் காணவில்லை.

வீட்டில் கணவன் நான்கு மாதக் குழந்தையை நீட்டினான். “மகாராணிக்குக் காலையிலேருந்து ஒரே அழுகை. இவ முழங்கையில என்ன இது, வெந்த தழும்பாட்டம்? இந்தா, பிடி.”

பிரசவத்தில் கீறிய தழும்பு இன்னும் அவள் வயிற்றில்தான் இருந்தது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாங்க. நீங்களே வச்சிருங்க.”