கேட்டுத் திருந்தியவன்

"எத்தினி நாளு பட்டினி கெடந்தே, நைனா?"

ரஷீது கேட்டதும், சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே லோகநாதன் யோசித்தார். "மூணு நாளு. கட்டிகினு இருந்த வேட்டியத் தவிர எல்லாத்தையும் சீட்டாட்டத்துல வுட்டுட்டேன். அப்புறம் கோயில் வாசல்ல யாரோ ஒரு புண்ணியவான் சோறு போட்டான்."

"மூணு நாளு... அடப்பாவமே!" என்று ரஷீது உச்சுக் கொட்டினான். இப்படி ஒருத்தன் உருகிக் கேட்டால், சொல்கிறவனுக்கும் இன்னும் சொல்லத்தானே தோன்றும்?

லோகநாதன் சூதை விட்டுப் பதினோரு வருஷமாகிறது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை போட்டுக் கௌரவமாகப் பிழைக்கிறார். போன மாதம்தான் சாபிரா தன் புருஷன் ரஷீதை இழுக்காத குறையாக அவரிடம் கூட்டி வந்தாள். ரஷீது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். முதுகு ஒடியச் சம்பாதித்த கூலியெல்லாம் 'காட்டன்' சூதில் போய்க்கொண்டிருந்தது. எங்கோ அமெரிக்காவில் பருத்தி என்ன விலைக்கு முடிந்தது என்று ராத்திரி தந்தி வருமாம். அந்த விலையின் கடைசி எண் எது என்று ராயபுரத்தில் இவர்கள் பந்தயம் கட்டுவார்களாம். இவர்களில் பருத்திச் செடியைக் கண்ணால் பார்த்தவன் ஒருத்தன் கிடையாது. என்ன கூத்து பாருங்கள்!

"வூட்ல மிச்சம் கீறது என் தையல் மிஷினு ஒண்ணுதான் நைனா. அத வச்சித்தான் புள்ளைங்க வவுத்துக்குப் போடறேன். அதுவும் பூட்ச்சின்னா நாங்க நடுத்தெருதான்" என்று அழுதாள் சாபிரா. "நீங்க வுட்ட மாதிரி இவரையும் வுட வைங்க."

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று தெருவே சிரித்தது. லோகநாதன் சிரிக்கவில்லை. பட்டவருக்குத்தானே தெரியும்! சனிக்கிழமைக் கூலியை ஹார்பர் கேட்டிலேயே சாபிரா வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். பந்தயம் எழுதுகிற சந்துப் பக்கம் ரஷீது தலை வைத்தும் படுக்கக்கூடாது என்றார்.

"கை அரிச்சுதுன்னா நேரா இங்க வா. குந்து. என்னாண்ட பேசு. தன்னால அடங்கிடும்."

சொன்னால் நம்புவீர்களா? ரஷீது ஒரு நாள்கூடத் தவறவில்லை. வேலை விட்டதும் கடைக்கு வந்துவிடுவான். வேறு எவனுக்காவது புத்தி சொன்னால் கொட்டாவி விடுவான். இவனோ துருவித் துருவிக் கேட்டான். சீட்டாட்டத்தால் நைனா எத்தனை வீடு மாறினார், எத்தனை தடவை போலீசில் மாட்டினார், கடைசியில் எத்தனை பேர் அவரோடு பேசினார்கள் என்று எல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டும். கூலியும் வாராவாரம் ஒழுங்காக வீட்டுக்கு வந்தது. டீக்குச் சில்லறை மட்டும்தான் அவன் கையில். சாபிரா வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரஷீது நிலைகொள்ளாமல் வந்தான்.

"இன்னிக்குத் தாங்கல நைனா. யாராண்டயும் சொல்லாத சங்கதி எதுனா உன் மனசுல இருக்குமே, அதச் சொல்லு."

அப்படி ஒரு சங்கதி லோகநாதனிடம் இருந்தது. அதை அவர் தன் நிழலிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் எதிரே ஒரு குடும்பம் ஊசலாடுகிறதே! ட்யூபைக் கீழே போட்டார்.

"எம் பொண்ணு தனத்துக்கு ஜொரம். மருந்து வாங்கியாறச் சொல்லி எம் பொஞ்சாதி காசு குடுத்தா. வழியில மங்காத்தா ஆடிகினு இருந்தானுங்க. ஒரே ஒரு ஆட்டம்னு குந்தினேன். மறுநாளு எயுந்து வூட்டுக்குப் போறேன், வூடே காலி. என்னத் தேடிப் பாத்துட்டு, கொயந்தைய மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கினு பூட்டாங்க..."

சொல்லும்போதே லோகநாதன் அழுதுவிட்டார். ரஷீதின் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

"பாப்பாவுக்கு இன்னா வயசு நைனா?"

"அஞ்சு."

ரஷீது அவருடைய கிரீஸ் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் விறுவிறுவென்று போய்விட்டான்.

லோகநாதனுக்கு நெஞ்சு லேசானது. இனி இவன் சூதைத் தொடமாட்டான், என் தங்கம் செத்தும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்து நினைத்து அழுதார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே சாபிரா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"மோசம் பூட்டோம் நைனா! நேத்து சாயங்காலம் நான் தண்ணிக்குப் போன நேரத்துல மிஷினத் தூக்கினு போயி வித்துட்டாரு! எல்லாத்தையும் காட்டன்ல கட்டிட்டாரு!"

அவள் பின்னாலேயே ரஷீதும் வந்தான். லோகநாதன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"அடப்பாவி! எம் பொண்ணு செத்த கதையக் கேட்டு அழுதியேடா! அதுக்கப்புறமுமாடா போனே?"

"அதக் கேட்டுத்தான் நைனா போனேன்!" என்று ரஷீது தலையில் அடித்துக்கொண்டான். "சூதுல எல்லாத்தையும் வுட்டவன் வாயில வர்ற நம்பரு பொய்க்காதுன்னு ஹார்பர்ல எல்லாரும் சொல்றாங்க. தெனம் நீ சொல்ற நம்பர்லதான் டீக்காசக் கட்டிகினு இருந்தேன். நேத்து மனசார அழுதுகினு சொன்னியேன்னு நம்பி, மொத்தத்தையும் அஞ்சுல வச்சேன். நாலு வுயுந்துடுச்சே!"

லோகநாதனின் பிடி தளர்ந்தது. ரஷீது அவர் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"நெஜத்தச் சொல்லு நைனா, பாப்பாவுக்கு அஞ்சு முடிஞ்சிருந்துச்சா, இல்ல நாலு முடிஞ்சி அஞ்சு நடந்துகினு இருந்துச்சா?"