எல்லாம் தெரிந்த குரல்

ஒரு ஊரில் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரே ஒரு பெண். ஊர் ஹைதராபாத், பேட்டை போவன்பள்ளி, வருஷம் இரண்டாயிரத்து ஒன்பது. அந்த வீட்டில் பேய் பிசாசு எதுவும் கிடையாது. ஒரு டெலிபோன் இருந்தது.

முதல் நாள் அது அடித்தபோது அம்மா கல்பகம்தான் எடுத்தாள்.

"அனந்தராமன் சார் வீடுங்களா? சாருக்கு லோன் ரெடியா இருக்குங்க. கையெழுத்து போட்டா போதும்."

தெலுங்கில்லை, இந்தியில்லை. நல்ல தமிழ். தூங்குகிற குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி ஒரு மெல்லிய பெண் குரல்.

"நாங்க ஒண்ணும் கேக்கலியேம்மா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே குரல். "உங்க பொண்ணு ஹம்ஸினி மேடம் கல்யாணத்துக்குத்தாங்க."

கல்பகம் ரிசீவரை டக்கென்று வைத்தாள். ஹம்ஸினிக்கு இடம் அமைந்தே பத்து நாள்தான். சொந்தக்காரர்களுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்: "எட்டு லட்சம் போதுங்களா?"

எட்டு லட்சம். புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் நின்று குசுகுசுவென்று பேசி முடிவு செய்த தொகை.

"ஏன்னா, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ காதை வெச்சுண்டு நிக்கறா."

"பேத்தாதே. மாடி வீட்டு குணசேகரன் வேலைதான். ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனியில இருக்கானோல்லியோ?" அனந்தராமன் பாலாநகர் ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்தவர். "எங்க பிளான்ட்ல ஒரு ஸ்க்ரூ நம்பரை வெளியில சொன்னா வேலை போயிடும். இங்க மனுஷா மானத்தையே கூவி விக்கறான்!"

கல்பகம் ஜன்னல்களைச் சாத்தினாள். நகை, சத்திரம், சமையல், எதையும் வாயால் சொல்வதை நிறுத்தினாள். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் காட்டிவிட்டு, அடுப்பில் போட்டாள்.

ஹம்ஸினிக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. இதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையன் கௌஷிக்கை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கௌஷிக்கும் அவன் அப்பா வெங்கட்ரமணனும் முகூர்த்தம் குறிக்க வந்தார்கள். பெண் பார்ப்பதற்கு முன்பே ஜாதகத்தோடு சம்பளச் சீட்டு, பான் கார்டு நகல் வரைக்கும் இரண்டு பக்கமும் மாற்றிக்கொண்ட சம்பந்தம். பஞ்சாங்கத்தை விரித்தார்கள்.

போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

"எடுங்களேன் சம்பந்தி" என்றார் வெங்கட்ரமணன்.

"லோன்காரா தொல்லை. கல்யாண விஷயம்வரைக்கும் தெரிஞ்சு வெச்சுண்டு பேசறா."

"அப்படியா? சும்மா விடப்படாது. விவரம் குடுத்தது யாருன்னு கேளுங்கோ."

"நான் கேக்கறேன்" என்று ஹம்ஸினி எழுந்தாள்.

"நக்கோ, வேண்டாம் ஹம்ஸி! விட்டுடு!" அனந்தராமன் அலறினார்.

அதற்குள் அவள் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிவிட்டாள். "ஹலோ."

"ஹம்ஸினி மேடமா? அம்மா குரல் எனக்குத் தெரியுங்க. அதான்."

"எங்க விவரமெல்லாம் உங்களுக்கு யார் குடுத்தா?"

கீபோர்டு தட்டுகிற சத்தம்.

"அப்பாதாங்க. போன திங்கட்கிழமை வந்து ஃபாரம் எழுதிக் குடுத்தாரு. கல்யாணக் கடன், எட்டு லட்சம். சேர்ந்து கடன் வாங்கறவர் கௌஷிக் சார். அவருக்கு எங்கெங்க கடன் இருக்குன்னு ரிப்போர்ட் எடுத்தோம். அப்பா அதுல ஒரு நகல் வாங்கிட்டுப் போனாரு."

எல்லாரும் அனந்தராமனைப் பார்த்தார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"எனக்கெதுக்குக் கடன்? பையனுக்குக் கடன் கிடன் இருக்கான்னு தெரிஞ்சுக்க வேற வழியில்லை. விண்ணப்பம் போட்டாத்தான் எடுத்துத் தருவாளாம். பொண்ணைப் பெத்தவன் பயம்…"

"அதுக்கா ஓய் பான் கார்டு நகல் குடுத்தோம்?" வெங்கட்ரமணன் எழுந்துவிட்டார். "கிளம்புடா."

கௌஷிக் அசையவில்லை.

"விடுப்பா. பெத்தவா பயம்தானே? எனக்கு மறைக்க ஒண்ணுமில்லை. பரவாயில்லை மாமா."

கல்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹம்ஸினி அவனையே பார்த்தாள். இந்த ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் இவனோடு இருந்துவிடலாம் என்று தோன்றியது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" குரல் இன்னும் போகவில்லை. "இந்த லோன் வேண்டாம்னா, பழைய விண்ணப்பத்தையாவது முடிச்சுடலாமா?"

"எந்தப் பழைய விண்ணப்பம்?"

"வீட்டுக் கடனுக்குங்க. உங்க பேரும் சேர்த்து வந்திருக்கு. உங்க ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிட்டுப் போனாரு, அப்புறம் ஆளையே காணோம். கல்யாணம் பேசறவங்க நிறைய பேர் இதுக்குன்னே எங்ககிட்ட வர்றாங்க மேடம்."

"வாங்கிண்டு போனது யாரு?"

கீபோர்டு சத்தம். ஒவ்வொரு எழுத்தாக.

"கௌஷிக் சார்தாங்க. போன மாசம் பதினாலாம் தேதி."

பதினாறாம் தேதிதான் அவன் முதல் தடவையாக அவளைப் பார்க்க வந்தான். 'பேப்பர்ல இருக்கறது எனக்கு முக்கியமில்லை, உங்களைப் பத்தி நீங்களே சொல்லுங்க' என்று சிரித்தான்.

இப்போது கௌஷிக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். வெங்கட்ரமணன் அவனுக்கு முன்னால் வாசல் தாண்டிவிட்டார். கல்பகம் உள்ளே போனாள். அனந்தராமன் அவள் பின்னாலேயே போனார்.

"மேடம்? யாருமே பேச மாட்டேங்கறீங்க. மூச்சு விடற சத்தம் கேக்குதுங்க."

ஹம்ஸினி போனை வைக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த குரலை அப்படியே விட்டுவிட்டு, செருப்பு மாட்டுகிற கௌஷிக்கைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள்.