மார்ச் முப்பத்தொன்று, பிற்பகல்

அவளுக்குத் தலைவலியா, பேருந்தில் வாந்தி எடுத்தாளா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. வாந்தியை நான் பிறகு சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

வெளிநோயாளிகள் பெஞ்சில் படுத்திருந்தாள். அது உறுதி.

தேதியும் உறுதி.

எனக்கும் ஹெப்சிபாவுக்கும் ஒரே நாளில் நியமன ஆணை வந்திருந்தது. ஒரே அரசு மருத்துவமனை. செவிலியர் வேலை. இருவருக்கும் வயது முப்பத்தெட்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து அத்தனை வருடம் காத்திருந்தோம்.

அவளை எழுப்பாமல் நான் மட்டும் அலுவலக அறைக்குப் போனேன்.

எழுத்தர் துரைப்பாண்டி இரண்டு வெள்ளைத்தாள்களை எடுத்து வைத்தார்.

"இன்னொரு சிஸ்டர் எங்கம்மா? வரச் சொல்லுங்க. பெரிய டாக்டர் அஞ்சரை வரைக்கும் இருப்பாரு. ரெண்டு பேருக்கும் இன்னைக்கே கையெழுத்து வாங்கிருவோம்."

என் தாளில் எழுதினேன். மார்ச் முப்பத்தொன்று, பிற்பகல், பணியில் சேர்ந்தேன்.

பிறகு குவார்ட்டர்ஸ் பற்றிக் கேட்டேன்.

ஒரு வீடுதான் காலி. முதலில் சேர்ந்தவருக்கு.

"ரெண்டு பேரும் இன்னைக்கே சேந்தா சீட்டுக் குலுக்கிப் போட்டுர வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் இரண்டு.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன்.

"ஏட்டி, நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டாரு."

"நல்லதாப் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தரை தாண்டியும் அலுவலக அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் ஒன்று முற்பகல் அவள் சேர்ந்தாள்.

ஒரு நாள் சம்பளம். அவ்வளவுதான் அவளுக்குப் போகும் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் ஆணை வந்தது. ஏப்ரல் ஒன்று முதல் பணியில் சேர்ந்த யாருக்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது.

அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. ஓய்வு எங்கோ தூரத்தில் இருந்தது. ஒரே ஊதிய நிலை. ஒரே அடிப்படை ஊதியம். என்னிடம் சேமநிதிக்குப் பிடித்தார்கள், அவளிடம் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடித்தார்கள். குவார்ட்டர்ஸில் இருந்ததால் எனக்கு வீட்டு வாடகைப்படி இல்லை. மாதக் கடைசியில் கைக்கு வந்தது அவளுக்குத்தான் அதிகம்.

"பணக்காரி நான்தாம்ட்டி. டீ நான் வாங்குதேன்" என்பாள்.

இருபத்திரண்டு வருடம் வாங்கினாள்.

ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது ஒரு மதியம், வார்டில் என் மேசைமேல் ஒரு பத்திரத்தை வைத்தாள். ஓய்வூதியம் கேட்டு அவள் போட்டிருந்த வழக்குக்காக, என் சாட்சியமாக வக்கீல் தயாரித்தது. மனுதாரர் மார்ச் முப்பத்தொன்று அன்றே பணியில் சேர நேரில் வந்தார். எழுத்தர் துரைப்பாண்டி அவரை மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இதை நான் அறிவேன்.

துரைப்பாண்டி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"நீ ஒருத்திதான் சாட்சி" என்றாள். "இது இல்லன்னா எனக்குப் பிடிச்சதத் திருப்பிக் குடுத்து அனுப்பிருவாங்க. மாசாமாசம்னு ஒண்ணும் வராது. எம் மவன் நெலமதான் உனக்குத் தெரியுமே."

தெரியும்.

பத்திரத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வரி உண்மை. அவள் வந்திருந்தாள். அடுத்த வரியை அவள் முழுமனதாக நம்பினாள்.

உண்மையை எழுதினால் வழக்கு நிற்காது என்று எனக்குப் பட்டது. அப்படிப் பட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் கவனித்தேன்.

"பேனா குடு."

ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன். பேனாவை மூடி அவளிடம் கொடுத்தேன்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. இப்போது எங்கள் இருவருக்கும் ஒரே ஓய்வூதியம். ஹெப்சிபா நாகர்கோவிலில் மகனோடு இருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் பணம் ஏறிய அன்று எனக்குப் போன் செய்கிறாள். நான் ஊரில் வீடு கட்டிக்கொண்டேன்.

துரைப்பாண்டியின் மகள் அதே மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறாள். அப்பா திருப்பி அனுப்பினார் என்று எழுதியிருக்கும் அந்தத் தீர்ப்பின் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு போனாளாம்.