மூச்சு வாங்கிய இயந்திரம்

காலையில் காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்றுபோனது. அந்த இரண்டறைக் குடியிருப்பில் மெக்கானிக்கும் அவள் கணவனும் மட்டுமே இருந்தார்கள்.

“வால்வு உடைஞ்சிருக்கு. பூமியில இருந்து புதுசு வர எட்டு மாசம் ஆகும்,” என்றாள்.

“இருக்கிற காத்து சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காதே!”

“அதுக்குள்ள நானே செஞ்சுடறேன்.”

தண்ணீர்க் குழாய் ஒன்றை அறுத்துத் தேய்த்துப் பொருத்தினாள். மூன்று முறை கசிந்தது. கணவனுக்கு மூச்சு வாங்கியது. நான்காவது முறை இயந்திரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

வெளியிலிருந்து மேலதிகாரி கத்தினார்: “ஒரு மணி நேரமா புது வால்வோட வாசல்ல நிக்கறேன். இது நம்ம ஆபீஸ் கொட்டகையில நடக்கற ஒத்திகைதானேம்மா, கதவைத் திறந்திருக்கலாமே?”

“திறந்து பழகிட்டா,” என்றாள் அவள் நெற்றியைத் துடைத்தபடி, “நிஜமா விண்வெளிக்குப் போனாலும் கை கதவுக்குத்தான் சார் போகும்.”