ஒரு பதிலும் தப்பவில்லை

"இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா?"

"வியாழன்."

"குளிக்கிறது?"

"நானேதான். நீ என்ன வாத்தியாரம்மாவா?"

காலையிலிருந்து கணவருக்குச் சொல்லிக்கொடுத்தே அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி இடுப்பும் விட்டுப்போயிருந்தது. முதியோர் நல அலுவலகத்திலிருந்து விசாரிக்க வருபவர்களிடம் ஒரு பதில் தப்பினாலும் அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களே என்று பயம்.

அலுவலகத்திலிருந்து படிவத்தோடு வந்த பெண் கேட்டதற்கெல்லாம் அவர் பிசகாமல் பதில் சொன்னார்.

போகும்போது அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "முடியாதவங்க வீட்டிலேயே இருக்கணும்னு, குளிப்பாட்ட, சமைக்க தினமும் ஆள் அனுப்புறோம்மா. உங்களுக்குத் தேவைப்படாது."

"ஐயோ, அவருக்குக் கிழமைகூடத் தெரியாதும்மா! எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது."

பெண் சிரித்தாள். "ஆள் கிடைக்கும்னதும் எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க."

அந்தப் பெண் போனதும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "நான் பாஸா?"

"நூத்துக்கு நூறுங்க" என்றாள்.