தொரைசாமி

மிஷனரிகளின் வரலாற்றை எழுதும் தேவநேசன், கெலமங்கலம் சாலையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். புத்தகம் அச்சுக்குத் தயார். அட்டைக்கு, இங்கே ஒரு தோட்டத்தில் இருக்கும் வெள்ளைக்காரப் பாதிரியார் கல்லறையின் படம்தான் பாக்கி. போன வருடம் எடுத்த படத்தில் கல்லறை முழுக்க மஞ்சளும் குங்குமமும். அதை எப்படி அட்டையில் போடுவது?

தக்காளித் தோட்டத்தின் மூலையில் கல்லறை இல்லை. ஒரு கம்பெனியின் கிடங்கு எழும்பியிருந்தது.

தோட்டத்துக்காரி மாதம்மாளிடம் ஓடினார். "வெள்ளைக்காரப் பாதிரியார் கல்லறை எங்கம்மா?"

"அந்த மூலைய வித்துட்டோம் சார். ஜேசிபி வச்சு எடுத்துட்டாங்க."

"ஐயோ, நூத்தம்பது வருஷக் கல்லறைம்மா!"

"எனக்கும் மனசு கேக்கலைங்க. எங்க மாமனார் காலத்துல இருந்து தொரைசாமின்னு கும்பிட்டோம். அமாவாசைக்கு விளக்கு, தேங்காய், தொரைக்குப் புடிக்கும்னு பேக்கரி பன்னு. முன்னாடி கம்பெனிக்காரங்க வந்து கேட்டப்பகூட, சாமி இருக்கற நெலம், தரமாட்டோம்னு வீட்டுக்காரரு திருப்பி அனுப்பிட்டாரு."

"அப்புறம் இப்ப மட்டும் ஏம்மா குடுத்தீங்க?"

மாதம்மாள் அவரை வியப்பாகப் பார்த்தாள்.

"போன வருஷம் நீங்கதானே சார் விளக்கை அணைச்சீங்க? 'அவர் சாமி இல்லம்மா, மனுஷன். கல்லைக் கும்பிடாதீங்கன்னு சொல்லத்தான் கடல் தாண்டி வந்தார்'னு அவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னீங்களே!"

தேவநேசன் கேமராவைப் பைக்குள் வைத்தார்.

"படிச்சவரு சொல்றீங்களேன்னு அன்னைக்கே கும்பிடறத விட்டுட்டோம். சாமியே இல்லைன்னு ஆனப்புறம், வெறுங்கல்லுக்காக நெலத்தப் புடிச்சு வச்சிருக்க முடியுங்களா?"